ஐசியூல எத்தனை பேர் இறந்தாங்கன்னு மட்டும் மொட்டையா போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஆஸ்பத்திரி வாரியா ஐசியூல சேர்ந்தவங்க இத்தனை பேர், இறந்தவங்க இத்தனை பேருன்னு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க. நான் ரொம்ப வருஷமா ஐசியூல நர்ஸா இருக்கேன், எங்க யூனிட்டோட டேட்டாபேஸ்ல என்ட்ரி போடுற வேலையும் இப்போ என்கிட்டதான் இருக்கு, அதனால பட்டியலைப் பார்த்ததும் எழுதியே ஆகணும்னு தோணிச்சு. கணக்கு கேட்கிறது தப்பே இல்ல, இன்னும் ஜாஸ்தியாவே கேட்கணும். ஆனா அந்த ரெண்டு நம்பரை வச்சு ஒரு ஐசியூ நல்லதா மோசமான்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை நம்பி ஜனங்க முடிவெடுத்தா ஆபத்து.

அந்தப் பட்டியல் வந்த அன்னைக்கே எங்க பேஷண்ட் ஒருத்தரோட மகன் பேப்பரும் கையுமா வந்து, "சிஸ்டர், இதுல சாவு கம்மியா இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அப்பாவை மாத்திடலாமா"ன்னு கேட்டார். அவங்க அப்பா வென்டிலேட்டர்ல இருக்கார், பிபிக்கு ரெண்டு மருந்து ஓடிக்கிட்டிருக்கு, அந்த நிலைமையில ஆம்புலன்ஸ்ல ஏத்துறதே எவ்வளவு பெரிய ரிஸ்க்குன்னு அவருக்கு புரிய வைக்க ரொம்ப நேரம் ஆச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது, பேப்பர்ல போட்டிருக்கிறதைத்தான் அவர் படிச்சார்.

ஒரு உதாரணத்துக்கு ரெண்டு ஐசியூவை எடுத்துக்குவோம். முதல் இடத்துல 1000 பேர் சேர்ந்து 80 பேர் இறந்திருக்காங்க. ரெண்டாவது இடத்துலயும் 1000 பேர், அங்க 200 பேர் இறந்திருக்காங்க. பேப்பர்ல போட்டா முதல் இடம்தான் ஜெயிக்கும். ஆனா முதல் இடத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பிளான் பண்ணி ஆபரேஷன் முடிச்சுட்டு ஒரு ராத்திரி பார்த்துக்கிறதுக்காக வர்றவங்க, அவங்க வந்தப்போ இருந்த உடல் நிலையைக் கணக்குப் போட்டா 60 பேர்தான் இறந்திருக்கணும். ரெண்டாவது இடத்துக்கு வேற ஆஸ்பத்திரிங்க கைவிட்டவங்க, செப்டிக் ஷாக்ல, அதாவது கிருமித் தொற்று முத்தி பிபி விழுந்து, கிட்னியும் நுரையீரலும் சேர்ந்து போனவங்கன்னு வர்றாங்க, அங்க 250 பேர் இறந்திருக்கணும்னு கணக்கு சொல்லுது. இறந்தது எத்தனையோ அதை, இறக்க வாய்ப்புன்னு கணக்கு சொன்ன எண்ணால வகுத்தா முதல் இடத்துக்கு 1.33, ரெண்டாவதுக்கு 0.8. ஒண்ணுக்கு மேல போனா எதிர்பார்த்ததை விட ஜாஸ்தி சாவு, கீழ வந்தா எதிர்பார்த்ததை விட நல்ல ரிசல்ட். இந்த வகுத்தலைத்தான் நாங்க எஸ்எம்ஆர்னு சொல்றோம். உங்க பட்டியல்ல மேல இருக்கிற இடம்தான் உண்மையில கவலைப்பட வேண்டிய இடமா இருக்கும், கீழ இருக்கிற இடத்துல உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறவங்க இருப்பாங்க.

இந்த "எதிர்பார்த்த சாவு"ங்கிறது யாரோ ரூம்ல உட்கார்ந்து குத்துமதிப்பா போடுற நம்பர் இல்ல. 1981ல அமெரிக்காவுல வில்லியம் நாஸ்னு ஒரு டாக்டரும் அவரோட டீமும் அபாச்சின்னு ஒரு ஸ்கோரைக் கொண்டு வந்தாங்க, 1985ல அதையே சுருக்கி அபாச்சி டூ ஆக்கினாங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா ஐசியூல புழங்குது. ஐசியூக்குள்ள வந்த முதல் 24 மணி நேரத்துல டெம்பரேச்சர், பிபி, பல்ஸ், மூச்சு, ஆக்சிஜன், ரத்தத்தோட பிஎச் (அமில அளவு), சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், ஹீமட்டோகிரிட், வெள்ளை அணு, நினைவு நிலைன்னு 12 அளவுகள்ல எது எது எவ்வளவு மோசமாப் போச்சோ அந்த மோசமான அளவை எடுத்து மார்க் போடணும், கூடவே வயசுக்கும் பழைய வியாதிக்கும் மார்க் சேர்க்கணும், மொத்தம் 71 வரைக்கும் போகும். அதோட எதுக்காக ஐசியூக்கு வந்தாங்கங்கிறதையும் சேர்த்துத்தான் சாவோட வாய்ப்பைக் கணக்குப் போடுறாங்க. இதே மாதிரி ஐரோப்பாவுல சாப்ஸ்னு ஒண்ணு இருக்கு.

அதே நாஸ் டீம் 1986ல 13 ஆஸ்பத்திரிகளோட ஐசியூல 5030 பேஷண்டுகளை இப்படிக் கணக்குப் போட்டு ஒப்பிட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரியில 69 பேர் இறப்பாங்கன்னு கணக்கு சொன்ன இடத்துல 41 பேர்தான் இறந்திருந்தாங்க. இன்னொரு ஆஸ்பத்திரியில எதிர்பார்த்ததை விட 58 சதவீதம் ஜாஸ்தி. இந்த வித்தியாசம் எதனாலன்னு தேடிப் பார்த்தப்போ, மெடிக்கல் காலேஜா இல்லையாங்கிறதோ எவ்வளவு ஸ்பெஷல் ட்ரீட்மென்ட் கொடுத்தாங்கங்கிறதோ பெரிசா காரணமாத் தெரியல, டாக்டர்களும் நர்ஸுகளும் ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசி ஒருங்கிணைஞ்சு வேலை பார்த்தாங்கங்கிறதுதான் காரணமாத் தெரிஞ்சுது. நைட் டியூட்டி சிஸ்டர் காலை டியூட்டிக்கு எப்படி ஹேண்ட்ஓவர் கொடுக்கிறாங்கங்கிறது உயிர் விஷயம்னு நாங்க சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, அதை நம்பரா எடுத்து வச்சது, இப்படிப் பல ஆஸ்பத்திரி பேஷண்டுகளோட விவரத்தைச் சேர்த்து வச்ச டேட்டாபேஸ்தான்.

இப்படிச் சேர்த்து வச்ச கணக்கு என்னவெல்லாம் காட்டிக் கொடுத்திருக்குன்னு பாருங்க. இங்கிலாந்துல 1994ல ஐசிநார்க்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு பல ஐசியூகளோட விவரத்தை ஒரே மாதிரி சேகரிக்க ஆரம்பிச்சாங்க. அதை வச்சு 2000ல ஒரு விஷயத்தை வெளியே கொண்டு வந்தாங்க, ராத்திரி நேரத்துல ஐசியூல இருந்து வார்டுக்கு மாத்துறது வருஷா வருஷம் ஜாஸ்தியாயிருக்கு, அப்படி மாத்தப்பட்டவங்க பகல்ல மாத்தப்பட்டவங்களை விட ஜாஸ்தியா இறக்கறாங்கன்னு. ராத்திரி 2 மணிக்கு எமர்ஜென்சில இருந்து ஒரு கேஸ் வருது, பெட் இல்ல, இருக்கிறதுல யாரு கொஞ்சம் தேறியிருக்காங்கன்னு பார்த்து வார்டுக்கு அனுப்புவாங்க, அவருக்கு இன்னும் ஒரு நாள் ஐசியூல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், வார்டுல அந்த நேரத்துல ஆளும் கம்மி. இது எந்த ஐசியூல வேலை பார்க்கிறவங்களுக்கும் தெரிஞ்ச கதை, ஆனா ஒவ்வொருத்தர் மனசுலயும் இருந்த வரைக்கும் அது வெறும் வருத்தமாத்தான் இருந்துச்சு. பல ஆஸ்பத்திரிகளோட டேட்டா ஒண்ணு சேர்ந்தப்போதான் ஐசியூ பெட் பத்தலைங்கிற பிரச்சனையோட அடையாளம் அதுன்னு வெட்ட வெளிச்சமாச்சு.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1992ல இருந்தே சேர்ந்து ஒரு டேட்டாபேஸ் வச்சிருக்காங்க. அதுல இருந்து எடுத்துத்தான் 2000ல கடுமையான செப்சிஸ்ல (கிருமித் தொற்றால உறுப்புகளே பாதிக்கிற நிலைமை) 35 சதவீதமா இருந்த சாவு 2012ல 18.4 சதவீதமா குறைஞ்சிருக்குன்னு சொல்ல முடிஞ்சுது, ஒரு லட்சத்துக்கும் மேல பேஷண்டுகளோட கணக்கு அது. நெதர்லாந்துல 1996ல இருந்து, ஸ்வீடன்ல 2001ல இருந்து இப்படிப் பதிவேடுகள் இருக்கு. பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் இது சரிப்படும்னு சொல்றவங்களுக்கும் பதில் இருக்கு, ஆர்டீரியல் பிளட் கேஸ் (தமனி ரத்தத்துல ஆக்சிஜன், பிஎச் பார்க்கிறது) மாதிரி டெஸ்ட் எல்லாருக்கும் எடுக்க முடியாத ஐசியூகளுக்காகவே, கைவசம் இருக்கிற கொஞ்ச அளவுகளை மட்டும் வச்சு போடுற டிராபிக்ஸ்ங்கிற ஸ்கோரையும் உருவாக்கியிருக்காங்க. மனசு இருந்தா செய்யலாம்.

இப்போ நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். டேட்டாபேஸ்னா ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டா முடிஞ்சுதுன்னு நிர்வாகத்துல இருக்கிறவங்க பலர் நினைக்கிறாங்க. சாஃப்ட்வேர்ங்கிறது அதுல பத்துல ஒரு பங்குகூட கிடையாது. அதுக்குள்ள போற ஒவ்வொரு நம்பரும் ஒரு பெட் பக்கத்துல பிறக்குது, அந்த இடத்துல தப்பு நடந்தா மேல எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வச்சாலும் அந்தத் தப்பு தப்பாவேதான் போகும்.

நினைவு நிலையை எடுத்துக்கோங்க, கிளாஸ்கோ கோமா ஸ்கேல்னு சொல்வோம், 3ல இருந்து 15 வரைக்கும். டியூப் போட்டு தூக்க மருந்து ஓடிக்கிட்டிருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டா கண்ணைத் திறக்க மாட்டார், வலி கொடுத்தாலும் அசைய மாட்டார், அப்போ அவருக்கு 3னு போடுறதா? மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி அவர் நல்லா பேசிக்கிட்டிருந்திருப்பார், அப்போ 15. அபாச்சில இந்த ஒரு இடத்துல மட்டும் 12 மார்க் வித்தியாசம் வரும். ஒரு ஆஸ்பத்திரியில மருந்துக்கு முன்னாடி இருந்த அளவைப் போடுறாங்க, இன்னொரு ஆஸ்பத்திரியில அந்த நேரத்துல பார்த்ததைப் போடுறாங்கன்னா, ரெண்டாவது ஆஸ்பத்திரியோட பேஷண்டுகள் எல்லாம் கணக்குல ரொம்ப சீரியஸானவங்களாத் தெரிவாங்க, எதிர்பார்த்த சாவு ஏறிடும், எஸ்எம்ஆர் தானா அழகா குறைஞ்சிடும், யாரும் வேணும்னு ஏமாத்தாமலே. அதனாலதான் நல்ல பதிவேடுகள்ல ஒவ்வொரு அளவுக்கும் இப்படித்தான் எடுக்கணும்னு எழுதி வச்ச விதி இருக்கும், டேட்டா போடுறவங்களுக்கு ட்ரெய்னிங் இருக்கும், அப்பப்போ சில கேஸ் ஷீட்டை எடுத்து வேற ஒருத்தர் மறுபடி போட்டுப் பார்த்து ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க.

இன்னொண்ணு, டெஸ்ட் எடுக்கலைன்னா என்ன பண்றது? வழக்கமா, இல்லாத அளவை நார்மல்னு எடுத்துக்கிறாங்க. அப்போ டெஸ்ட் கம்மியா எடுக்கிற, வசதி இல்லாத ஐசியூவோட பேஷண்டுகள் நிஜமா இருக்கிறதை விட தெம்பா இருக்கிற மாதிரி கணக்குல தெரிவாங்க, அவங்க இறந்தா "நல்லா இருந்தவங்க இறந்துட்டாங்க"ன்னு ஆகும். கஷ்டத்துல இருக்கிற யூனிட்டுக்கு கெட்ட பேரும் சேர்ந்து வந்திடும். எவ்வளவு அளவுகள் விடுபட்டிருக்குங்கிற நம்பரைச் சேர்த்துக் காட்டாத எந்த அறிக்கையையும் நான் நம்ப மாட்டேன்.

சரி, மனுஷன் போட்டாத்தானே தப்பு வரும், மானிட்டர்ல இருந்து நேரா கம்ப்யூட்டருக்குப் போகட்டும்னு சொல்வாங்க. நல்லதுதான், எழுத்து வேலை குறையும், நானும் வேணும்னுதான் சொல்றேன். ஆனா ஆர்டீரியல் லைனை (பிபி பார்க்க தமனிக்குள்ள போடுற டியூப்) ஃப்ளஷ் பண்ற அந்த சில நொடி மானிட்டர்ல பிபி 300க்கு ஏறும், ரத்தம் எடுக்க அதுல இருக்கிற ஸ்டாப்காக்ங்கிற திருகைத் திருப்பினா கோடு தட்டையாப் போகும், பேஷண்டைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது ஈசிஜி லீட் கழண்டா பல்ஸ் பூஜ்யம்னு காட்டும். பக்கத்துல நிக்கிற நர்ஸ் அதைப் பார்த்துட்டு எழுத மாட்டாங்க, மெஷினுக்கு அது தெரியாது, 24 மணி நேரத்துல மோசமான அளவு எதுன்னு கேட்டா அதையே எடுத்துக் கொடுத்திடும். நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகும்போது மோசமான ஒரு அளவு சிக்குற வாய்ப்பும் ஜாஸ்தி, மணிக்கு ஒரு தடவை கையால எழுதுற ஐசியூவையும் இதையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. மெஷின் எடுக்கட்டும், ஆள் பார்த்து ஓகே பண்ணட்டும்.

சாவு கணக்கோட நின்னுடவும் கூடாது. ஐசியூங்கிறது ஒரு ஆஸ்பத்திரியிலேயே ஜாஸ்தி செலவு ஆகுற இடம், ஆள், மெஷின், மருந்து, ரத்தம் எல்லாமே. அதெல்லாம் எங்க போகுதுன்னு தெரியணும்னா அதுக்கும் இதே டேட்டாபேஸ்தான் வழி. எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் டயாலிசிஸ், எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள், வார்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் எழுதினதுக்கும் நிஜமா பெட்ல இருந்து கிளம்பினதுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம் ஓடுச்சு, 48 மணி நேரத்துக்குள்ள திரும்பி ஐசியூக்கே வந்தவங்க எத்தனை பேர், பெட் இல்லைன்னு திருப்பி அனுப்பினது எத்தனை பேர். இதுல சராசரியை நம்பாதீங்க, ஐசியூல பெரும்பாலானவங்க ரெண்டு மூணு நாள்ல போயிடுவாங்க, ஒருசிலர் மாசக்கணக்குல இருப்பாங்க, அந்த ஒருசிலரே பெட் நாட்கள்ல பெரும் பங்கை எடுத்துக்குவாங்க, சராசரி போட்டா யாரையும் குறிக்காத ஒரு நம்பர்தான் வரும்.

நர்ஸுகளோட வேலையையும் அளக்க முடியும், இதை நான் அழுத்தியே சொல்றேன். 1974லயே டிஸ்ங்கிற ஸ்கோர் வந்தாச்சு, பேஷண்டுக்கு என்னென்ன செய்யுறோமோ அதுக்கெல்லாம் பாயிண்ட். 1996ல அதை 28 ஐட்டமா சுருக்கினாங்க, ஒரு நர்ஸ் ஒரு 8 மணி நேர ஷிஃப்ட்ல 46 பாயிண்ட் வேலை பார்க்க முடியும்னு அதுல கணக்கு வச்சிருக்காங்க. ஒரு சிஸ்டர்கிட்ட 40 பாயிண்ட் பேஷண்டுகள் ரெண்டு பேரைக் கொடுத்தா 80 ஆச்சு, ஏதாவது ஒண்ணு விட்டுப்போகத்தான் செய்யும். ஆள் பத்தலைன்னு நாங்க வாயால சொன்னா புலம்பல்னு ஒதுக்கிடுறாங்க. மாசம் பூரா ஷிஃப்ட் வாரியா பாயிண்டும் ஆள் எண்ணிக்கையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அதை ஒதுக்க முடியாது.

இன்ஃபெக்ஷன் கணக்கும் அப்படித்தான். இந்த மாசம் 3 பேருக்கு சென்ட்ரல் லைன்ல (பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போடுற டியூப், கதீட்டர்னும் சொல்வோம்) இன்ஃபெக்ஷன்னா அது ஜாஸ்தியா கம்மியா? மொத்தம் எத்தனை லைன் எத்தனை நாள் உள்ள இருந்துச்சுன்னு தெரியாம சொல்லவே முடியாது, அதனாலதான் ஒரு லைன் ஒரு நாள் உள்ள இருந்தா ஒரு கதீட்டர் நாள்னு வச்சு, 1000 கதீட்டர் நாளுக்கு இத்தனைன்னு போடுறாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல பீட்டர் ப்ரொனவோஸ்ட்ங்கிற டாக்டர் தலைமையில நூத்துக்கும் மேல ஐசியூல ஒரு வேலை செஞ்சாங்க, கை கழுவுறது, பேஷண்டை முழுசா மூடுற டிரேப்ங்கிற சுத்தமான துணி போடுறது, குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி போட்டுத் தோலைச் சுத்தம் பண்றது, முடிஞ்ச வரைக்கும் தொடையில லைன் போடாம இருக்கிறது, தேவை இல்லாத லைனை எடுத்திடுறதுன்னு சாதாரண விஷயங்கள்தான். 1000 கதீட்டர் நாளுக்கு சராசரியா 7.7ஆ இருந்த இன்ஃபெக்ஷன் 18 மாசத்துக்குள்ள 1.4க்கு வந்துச்சு, 2006ல வெளியாச்சு. அங்க ஒவ்வொரு ஐசியூக்கும் அவங்க அவங்க நம்பரைத் திரும்பத் திரும்பக் கையில கொடுத்தாங்க, அதை மறந்துடக் கூடாது. நம்பர் மேலிடத்துக்குப் போயிட்டு யூனிட்டுக்கே திரும்பி வரலைன்னா, அதைப் போடுறவங்களுக்கு கொஞ்ச நாள்லயே மனசு விட்டுப்போயிடும், ஏனோதானோன்னு போடுவாங்க. எங்க யூனிட்ல மாசா மாசம் கிராஃபை டியூட்டி ரூம் சுவத்துல ஒட்ட ஆரம்பிச்ச பிறகுதான் சின்னப் பொண்ணுங்க கூட வந்து "அக்கா, போன வாரம் அந்த லைனை எடுத்தோமே, அது இதுல வருமா"ன்னு கேட்கிறாங்க.

தரவரிசைப் பட்டியல் மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கிறேன். வருஷத்துக்கு 150 பேர் மட்டும் வர்ற சின்ன ஐசியூல ரெண்டு மூணு சாவு முன்னப்பின்ன ஆனாலே எஸ்எம்ஆர் தலைகீழா மாறும். அதனால விவரம் தெரிஞ்சவங்க ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசை போட மாட்டாங்க, எத்தனை பேஷண்டுங்கிறதைப் பொறுத்து அகலமா ஆரம்பிச்சு குறுகிக்கிட்டே போற புனல் மாதிரி ஒரு வரைபடம் போட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே யாராவது போயிருக்காங்களான்னு மட்டும் பார்ப்பாங்க. போயிருந்தா உடனே குத்தவாளி ஆக்க மாட்டாங்க, முதல்ல டேட்டா சரியா, அடுத்து வர்ற பேஷண்ட் வகையில ஏதாவது வித்தியாசமா, அதுக்கப்புறம்தான் ட்ரீட்மென்ட்டுன்னு ஒவ்வொண்ணா பார்ப்பாங்க. பட்டியலுக்கு பயந்தா என்ன நடக்கும்னு சொல்றேன், சாகப் போறாங்கன்னு தெரியிற பேஷண்டை உள்ளேயே எடுக்க மாட்டாங்க, இல்லைன்னா கடைசி நேரத்துல வேற இடத்துக்கு அனுப்பிடுவாங்க, சாவு அங்க பதிவாகும். அதனால ஐசியூவை விட்டு வெளியே போனாரான்னு பார்க்காம, ஆஸ்பத்திரியை விட்டு உயிரோட வீட்டுக்குப் போனாரா, அனுப்பின இடத்துல என்ன ஆச்சுன்னு வரைக்கும் பின்தொடரணும். பழைய ஸ்கோரை வச்சு பல வருஷம் ஓட்டினா எல்லா ஐசியூவும் நல்ல ஐசியூவாத் தெரிய ஆரம்பிக்கும், வைத்தியம் முன்னேறிடுச்சே, அதனால அதையும் அப்பப்போ புதுசாக்கணும். பேஷண்டோட பேரும் விலாசமும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகக் கூடாது, இதுல சமரசமே கிடையாது.

கடைசியா ஆள் விஷயம். ரெண்டு சீரியஸ் பேஷண்டைப் பார்த்துக்கிற நர்ஸ் தலையில, ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு இந்த என்ட்ரியையும் போட்டுட்டுப் போன்னு கட்டினா, அது டேட்டாவா இருக்காது. இதுக்குன்னு தனியா ஆள் வேணும், அந்த ஆளுக்கு ஐசியூ தெரிஞ்சிருக்கணும், கேஸ் ஷீட்டைப் பார்த்தா எது நிஜம் எது மெஷின் கோளாறுன்னு பிரிக்கத் தெரியணும், பெட் வாங்குறதுக்கும் மானிட்டர் வாங்குறதுக்கும் ஒதுக்குற மாதிரி இதுக்கும் சம்பளம் ஒதுக்கணும். இதை எழுதுங்க ஐயா, உங்க பேப்பர் எழுதினா நிர்வாகங்கள் காது கொடுக்கும்.

அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரியோட ஐசியூ சாவு எண்ணிக்கையைப் போட்டாலும், அவங்க எந்த ஸ்கோர் வச்சு கணக்குப் போடுறாங்க, எதிர்பார்த்த சாவு எத்தனை, எத்தனை பேஷண்டோட டேட்டா முழுசா இருக்குன்னு இந்த மூணையும் கேட்டு வாங்கிப் பக்கத்துலயே போடுங்க. எங்ககிட்ட அப்படி எந்தக் கணக்கும் இல்லைன்னு ஒரு ஆஸ்பத்திரி சொன்னா, அந்தக் கட்டத்துல "கணக்கு இல்லை"ன்னே அச்சடிங்க.

இப்படிக்கு,
ஐசியூ நர்ஸ் ஒருவர்